இரண்டாவது மானிட்டர் ஏன் வரவில்லை? டிஸ்ப்ளேபோர்ட் எம்எஸ்டி கோளாறுகள், அறிகுறி வாரியாக

லேப்டாப்பிலிருந்து ஒரே கேபிள். மறுமுனையில் ஒரு ஹப் அல்லது டாக். அதிலிருந்து இரண்டு மூன்று மானிட்டர்கள். முதல் மானிட்டரில் படம் வருகிறது, இரண்டாவது அதையே காப்பியடிக்கிறது, மூன்றாவது கறுப்பாகவே நிற்கிறது. உடனே எல்லோரும் செய்வது புதிய கேபிள் வாங்குவது. இந்த வகைக் கோளாறுகள் பலவற்றில் கேபிளுக்குச் சம்பந்தமே இருக்காது. காசைச் செலவழிப்பதற்கு முன் ஒரு எண்ணிக்கை எடுத்துவிடுங்கள்.

முதலில் கட்டங்களை எண்ணுங்கள்

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போனால் 1, 2, 3 என்று எண் போட்ட கட்டங்கள் தெரியும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ். லினக்ஸில் எக்ஸ்ராண்டர் (xrandr) கட்டளை கொடுத்தால் பட்டியல் வரும். அதில் 'டிபி-1' என்று மட்டும் இருந்தால் நேரடி இணைப்பு, 'டிபி-1-1', 'டிபி-1-2' என்று இரண்டு கோடு போட்டு வந்தால் ஹப்புக்குப் பின்னால் இருப்பவற்றையும் கணினி பார்த்துவிட்டது என்று பொருள்.

மேசையில் எத்தனை மானிட்டர் (லேப்டாப்பின் சொந்தத் திரையையும் சேர்த்து), திரையில் எத்தனை கட்டம்? கட்டம் குறைந்தால் கணினிக்கு அந்த மானிட்டர் இருப்பதே தெரியாது. கட்டம் சரியாக இருந்தும் படம் வரவில்லை என்றால், தெரிந்தும் கணினியால் அதற்குப் படம் அனுப்ப முடியவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு.

பின்னணி, சுருக்கமாக

டிஸ்ப்ளேபோர்ட்டில் படம் போகும் விதம் இரண்டு. சிங்கிள் ஸ்ட்ரீம் என்றால் ஒரு கேபிளுக்கு ஒரு படம். மல்டி ஸ்ட்ரீம் என்றால் ஒரே கேபிளில் பல படங்கள்: கேபிளின் நேரம் 64 துண்டுகளாக வெட்டப்பட்டு, முதல் துண்டு தலைப்புத் தகவலுக்குப் போக, மீதி 63 துண்டுகள் மானிட்டர்களுக்குப் பங்கிடப்படும். இது 2010இல் வெளியான டிஸ்ப்ளேபோர்ட் 1.2இல் வந்தது. அதற்கு முந்தைய 1.1 போர்ட்டில் இது கிடையாது. (சிங்கிள் ஸ்ட்ரீம் முறையின் சுருக்கத்தைத் தமிழில் 'எஸ்எஸ்டி' என்று எழுதினால் சேமிப்பகம் என்று படித்துவிடுவார்கள். அதனால் அதை 'ஒற்றை முறை' என்றும், மற்றதை எம்எஸ்டி என்றும் இங்கே சொல்கிறோம்.)

எச்டிஎம்ஐயில் எம்எஸ்டி இல்லை. எச்டிஎம்ஐ போர்ட்டில் ஸ்பிளிட்டர் போட்டால் ஒரே படம்தான் இரண்டாகும். அதை நீட்டிக்க வழியே இல்லை, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அறிகுறி: இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்

விண்டோஸில் ஒரே கட்டத்துக்குள் '1|2' என்று இரண்டு எண்கள் தெரிந்தால் வேலை சுலபம். விண்டோஸ் விசையையும் பி (P) விசையையும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். முடிந்தது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண்தான் தெரிகிறது, ஆனால் மேசையில் இரண்டு மானிட்டரிலும் படம் ஓடுகிறது என்றால், ஹப் ஒற்றை முறையில் இறங்கிவிட்டது. கணினி எம்எஸ்டி பேசவில்லை என்று தெரிந்ததும் பல ஹப்கள் வந்த படத்தை எல்லா வாயிலிலும் அப்படியே நகலெடுத்துக் கொடுக்கும். ஏன் பேசவில்லை என்பதை இந்த வரிசையில் பாருங்கள்:

1. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியைத் திறங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் இல்லை. விண்டோஸைப் புதிதாக நிறுவிய கணினிகளில் அடிக்கடி காண்பது இது. இன்டெல், ஏஎம்டி, என்விடியா எதுவோ அதன் டிரைவரை நிறுவுங்கள்.
2. மானிட்டர்களைத் தொடராகக் கோத்திருந்தால், முதல் மானிட்டரின் மெனுவில் எம்எஸ்டி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது அணைந்துதான் இருக்கும். சிலவற்றில் அந்த வரி 'எம்எஸ்டி' என்றே இருக்காது, 'டிஸ்ப்ளேபோர்ட் 1.1 / 1.2' என்று தேர்வு கொடுத்திருப்பார்கள். 1.2 வையுங்கள்.
3. கணினி மேக் என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: விண்டோஸில் வேலை செய்யும் அதே ஹப் மேக்கில் காப்பிதான் காட்டுகிறது

ஹப் கெட்டுப்போகவில்லை. மேக்ஓஎஸ் எம்எஸ்டியைத் தனித்தனித் திரைகளுக்குப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். ஒரே பெரிய மானிட்டரை இரண்டு பாதியாக ஓட்டுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தியிருக்கிறது: டெல் யுபி2414க்யூ போன்ற முதல் தலைமுறை 4கே மானிட்டர்கள் உள்ளுக்குள் 1920×2160 அளவில் இரண்டு திரைகளாகவே இயங்கின, அவற்றை இணைக்க எம்எஸ்டி வேண்டியிருந்தது. இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் வழியே விண்டோஸை ஏற்றினால் அதே ஹப், அதே கேபிளில் இரண்டு தனித் திரைகள் வந்துவிடும். ஆக, தடை வன்பொருளில் இல்லை. எந்த கேபிள் மாற்றினாலும், எந்த டிரைவர் தேடினாலும் இது மாறாது.

மேக்குக்கு வழிகள் மூன்று. முதலாவது, மேக்கின் ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் ஒரு மானிட்டர் என நேரடியாக இணைப்பது. இரண்டாவது தண்டர்போல்ட் டாக். தண்டர்போல்ட் 3 கேபிளுக்குள் இரண்டு தனி டிஸ்ப்ளேபோர்ட் ஓட்டங்கள் போகும். அது எம்எஸ்டி அல்ல என்பதால் மேக் மறுக்காது. பெட்டியில் 'யுஎஸ்பி-சி டாக்' என்று இருப்பதும் 'தண்டர்போல்ட் டாக்' என்று இருப்பதும் ஒன்றல்ல. வாய் ஒரே வடிவம், உள்ளே ஓடுவது வேறு. விலை வித்தியாசம் அதற்குத்தான்.

ஆனால் சிப்பும் அனுமதிக்க வேண்டும். சாதாரண எம்1, எம்2 சிப் கொண்ட மேக்புக்குகள் ஒரே ஒரு வெளித் திரையைத்தான் ஓட்டும், எந்த டாக் போட்டாலும். எம்3 மேக்புக் ஏர் மூடியை மூடிவைத்தால் இரண்டு ஓட்டும். எம்4 ஏர் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு ஓட்டும்.

எம்1, எம்2 வைத்திருப்பவர்களுக்கு மிஞ்சுவது மூன்றாவது வழி: டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள அடாப்டர். இது படத்தைச் சுருக்கி யுஎஸ்பி தரவாக அனுப்புகிறது, கிராபிக்ஸ் சிப்பின் திரைக் கணக்கில் வராது. மென்பொருளை நிறுவி, பிரைவசி அமைப்பில் திரையைப் பதிவுசெய்யும் அனுமதி தர வேண்டும். அந்த அனுமதி பெயரைப் பார்த்துப் பயந்து மறுத்துவிட்டு 'படம் வரவில்லை' என்பவர்கள் நிறைய. காப்புரிமைப் பூட்டு போட்ட ஓடிடி படங்கள் இதில் கறுப்பாகத் தெரியும். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் போதும். வீடியோ எடிட்டிங் செய்பவர் இதை நம்பி இறங்க வேண்டாம்.

அறிகுறி: மூன்றாவது மானிட்டர் பட்டியலில் இருக்கிறது, ஆனால் இயக்க முடியவில்லை

குழாயில் தண்ணீர் போதவில்லை என்பது போன்ற கோளாறு இது. கணக்கு போட்டால்தான் விளங்கும். சாதாரண 24 பிட் நிறத்தில் ஒவ்வொரு மானிட்டரும் கேட்பது, நொடிக்கு ஜிகாபிட்டில், ஏறக்குறைய இவ்வளவு:

- 1920×1080, 60 ஹெர்ட்ஸ்: 3.3
- 1920×1200, 60 ஹெர்ட்ஸ்: 3.7
- 2560×1440, 60 ஹெர்ட்ஸ்: 5.8
- 1920×1080, 144 ஹெர்ட்ஸ்: 8
- 3840×2160, 30 ஹெர்ட்ஸ்: 6.3
- 3840×2160, 60 ஹெர்ட்ஸ்: 12.8

இனி குழாய். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் நான்கு லேன்கள், அதாவது தரவு ஓடும் தடங்கள். 1.2 பதிப்பின் எச்பிஆர்2 வேகத்தில் நான்கும் சேர்ந்து 17.28 கொடுக்கும். 1.4 பதிப்பின் எச்பிஆர்3 வேகத்தில் 25.92. எம்எஸ்டியில் 64க்கு 63 பங்குதான் கிடைக்கும் என்பதால் இதிலும் கொஞ்சம் கழியும். 17.28இல் 2560×1440 இரண்டு (11.6) தாராளமாகப் போகும், மூன்று (17.4) போகாது. ஒரு 4கேயும் ஒரு 1080உம் (16.1) நெருக்கியடித்துப் போகும். 25.92இல் இரண்டு 4கே என்று கூட்டினால் 25.6 வருகிறது, தலைப்புக்குக் கழித்தபின் அதற்கு இடம் போதாது. டிஎஸ்சி எனும் சுருக்கமுறை கணினி, ஹப் இரண்டிலும் இருந்தால் மட்டும் அதை நம்பலாம்.

இவ்வளவும் முழு டிஸ்ப்ளேபோர்ட் வாயிலுக்கு. யுஎஸ்பி-சி ஹப்பில் நிலைமை பாதி. அதே கேபிளில் யுஎஸ்பி 3 தரவும் போக வேண்டும் என்றால் இரண்டு லேன் அதற்குப் போய்விடும், படத்துக்கு மிஞ்சுவது இரண்டு. எச்பிஆர்2 என்றால் 8.64, எச்பிஆர்3 என்றால் 12.96. இன்டெல் 8ஆம் தலைமுறை ஐ5-8250யு போன்ற சிப் உள்ள லேப்டாப்பில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2தான், அதில் யுஎஸ்பி-சி ஹப் வைத்து 1080 இரண்டு (6.6) போடலாம், மூன்று (9.9) முடியாது. ஒரு 2560×1440உடன் ஒரு 1080 சேர்த்தாலே (9.1) வழிந்துவிடும். அதே ஹப்பை 11ஆம் தலைமுறை ஐ7-1165ஜி7 லேப்டாப்பில் செருகினால், ஹப்பும் எச்பிஆர்3 தாங்கும் என்றால், மூன்று 1080உம் ஓடும். 'என் நண்பர் கணினியில் ஓடுகிறதே' என்ற குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

இடம் எப்போதும் முன்னால் வந்தவர்களுக்குத்தான். கடைசியாக இணைந்த மானிட்டர் வெளியே நிற்கும். அதனால் கறுப்பாக இருக்கும் மானிட்டரைக் குற்றம் சொல்லாமல், ஓடிக்கொண்டிருப்பவற்றைப் பாருங்கள். செய்ய வேண்டியவை:

1. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் ஒவ்வொரு மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். ஒன்று 144இல் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே இரண்டு மானிட்டருக்கு மேலான இடத்தைப் பிடித்திருக்கும். 60க்கு இறக்குங்கள். பல சமயம் மூன்றாவது அந்த நொடியே விழித்துக்கொள்ளும்.
2. அதே பக்கத்தில் பிட் ஆழம் 10 என்று இருந்தால் 8ஆக்குங்கள். 10 பிட் கால்பங்கு கூடுதல் இடம் கேட்கும். எச்டிஆரையும் அணையுங்கள்.
3. லேப்டாப்பில் தனி எச்டிஎம்ஐ வாயில் இருந்தால் ஒரு மானிட்டரை அங்கே மாற்றுங்கள். அது வேறு குழாய். இவ்வளவு எளிய வழியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் டாக்கிலேயே திணிப்பது ஏனோ வழக்கமாகிவிட்டது.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், கிராபிக்ஸ் சிப்பின் தலை எண்ணிக்கை. மேலே சொன்ன 8ஆம் தலைமுறை சிப் ஒரே சமயத்தில் மூன்று திரைகள்தான் ஓட்டும், லேப்டாப்பின் சொந்தத் திரையும் அதில் ஒன்று. மூடியை மூடிப்பாருங்கள்: மூன்றாவது வெளி மானிட்டர் வந்துவிட்டால் காரணம் இதுதான். 11ஆம் தலைமுறையில் அந்த எண் நான்கு. ஜிஃபோர்ஸ் கார்டுகளிலும் பொதுவாக நான்கு. கார்டில் ஐந்து வாயில் இருந்தாலும் நான்குதான்.

அறிகுறி: 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை

மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்கிறதா? மேலே உள்ள அதே கணக்குதான். 8.64 குழாயில் 12.8 போகாது, கணினி தானாக 6.3க்கு இறங்கிக்கொள்கிறது. இன்னொரு காரணம் ஹப்பின் எச்டிஎம்ஐ வாயில் 1.4 பதிப்பாக இருப்பது; அதன் எல்லையே 4கேயில் 30தான். ஹப்பின் அட்டையில் '4கே' என்று பெரிதாகவும் '30 ஹெர்ட்ஸ்' என்று பொடியாகவும் இருக்கும், படித்து வாங்குங்கள்.

யுஎஸ்பி-சி வழியே நேராக மானிட்டருக்குப் போகிறீர்கள் என்றால் மானிட்டர் மெனுவில் யுஎஸ்பி-சி முன்னுரிமை என்று ஒரு அமைப்பு இருக்கிறதா பாருங்கள். டெல் உள்ளிட்ட சில நிறுவனங்கள் கொடுக்கின்றன. 'உயர் தெளிவு' வைத்தால் நான்கு லேனும் படத்துக்குப் போகும். மானிட்டரில் செருகிய பென்டிரைவ் யுஎஸ்பி 2 வேகத்துக்கு இறங்கிவிடும். விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் அது போதும்.

அறிகுறி: தொடராகக் கோத்ததில் இரண்டாவது மானிட்டர் 'சிக்னல் இல்லை' என்கிறது

வரிசையும் வாயிலும் சரியா என்று பாருங்கள். கணினியிலிருந்து வரும் கேபிள் முதல் மானிட்டரின் உள்வாயிலில், இரண்டாவதற்குப் போகும் கேபிள் முதல் மானிட்டரின் வெளிவாயிலில். இரண்டும் ஒரே வடிவம் என்பதால் மாறிப்போவது சகஜம். வெளிவாயிலில் 'அவுட்' என்றோ வெளியே போகும் அம்புக்குறியோ இருக்கும், சில மாடல்களில் ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருக்கும். வெளிவாயில் இல்லாத மானிட்டரை நடுவில் வைக்க முடியாது. கடைசியில் வைக்கலாம், அது பழைய 1.1 மானிட்டராக இருந்தாலும் பரவாயில்லை.

எம்எஸ்டி அமைப்பு கடைசி மானிட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இயக்கத்தில் இருக்க வேண்டும், கடைசியில் அணைந்திருக்க வேண்டும். முதல் மானிட்டருக்கு எச்டிஎம்ஐ வழியே படம் கொடுத்துவிட்டு அதன் டிஸ்ப்ளேபோர்ட் வெளிவாயிலிலிருந்து அடுத்ததற்குக் கேட்டால் எதுவும் வராது.

பல மாடல்களில் முதல் மானிட்டரின் பவர் பட்டனை அணைத்தால் பின்னால் உள்ளவையும் போய்விடும். கோளாறு அல்ல. அணைக்கும் பழக்கம் உள்ளவர் மேசையில் தொடர் இணைப்பைவிட ஹப் நல்லது.

அமைப்பு எல்லாம் சரி, ஆனாலும் நேற்று வந்தது இன்று வரவில்லை என்றால் எது எங்கே இணைந்திருக்கிறது என்ற பழைய வரைபடத்தை ஹப்போ மானிட்டரோ பிடித்துக்கொண்டிருக்கிறது. கணினியை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் தீராது, ஏனெனில் ஹப்புக்கு மின்சாரம் தனியாக வருகிறது. கணினியை அணைத்து, டாக், மானிட்டர் எல்லாவற்றின் மின்செருகியையும் சுவரிலிருந்து பிடுங்கி, 30 விநாடி விட்டு, கடைசி மானிட்டரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றிக் கடைசியில் கணினியை இயக்குங்கள்.

அறிகுறி: எச்டிஎம்ஐ மானிட்டருக்கு மாற்றி போட்டும் படம் இல்லை

டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவான கேபிள் ஒருவழிப் பாதை. கணினிப் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ. திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. மேலும் அது 'பாசிவ்' மாற்றி, அதாவது படத்தை மாற்றும் சிப் உள்ளே இல்லாதது. வாயிலில் 'டிபி' என்பதற்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால்தான் அதற்குப் படம் கிடைக்கும். பழைய ஏஎம்டி ரேடியான் கார்டுகளில் எச்டிஎம்ஐ, டிவிஐ வகைப் படத்துக்கு வேண்டிய கடிகாரச் சுற்றுகள் இரண்டே இருந்ததால் மூன்றாவது மானிட்டருக்கு 'ஆக்டிவ்' மாற்றி, அதாவது உள்ளே சிப் வைத்தது, கட்டாயம். சந்தேகம் என்றால் ஆக்டிவ் என்று எழுதியதையே வாங்குங்கள்.

அறிகுறி: அவ்வப்போது ஒரு விநாடி கறுத்துத் திரும்புகிறது

இன்னொரு மானிட்டரை இணைக்கும்போதோ பிடுங்கும்போதோ மட்டும் எல்லாம் கண்சிமிட்டினால் விட்டுவிடுங்கள். நேரத்துண்டுகளை மறுபடி பங்கிடுகிறது.

சும்மா இருக்கும்போதே சிமிட்டினால் இப்போதுதான் கேபிளைச் சந்தேகிக்கலாம். கணினியிலிருந்து முதல் ஹப் வரை உள்ள கேபிள்தான் எல்லா மானிட்டரின் சுமையையும் தூக்குகிறது. இருப்பதில் நல்லதும் குட்டையானதும் அங்கே போகட்டும். இரண்டு மீட்டருக்குள் வையுங்கள். இரண்டு கேபிளை இடம் மாற்றிப் பாருங்கள்: கோளாறு கேபிளோடு நகர்ந்தால் கேபிள், மானிட்டரிலேயே நின்றால் மானிட்டர். யுஎஸ்பி-சி என்றால் போனுடன் வந்த சார்ஜர் கேபிளில் படம் போகாது. அதற்குள் அந்தக் கம்பிகளே இல்லை.

நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் கறுக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். கேஸ் லிஃப்ட் நாற்காலியில் எழும்போதும் உட்காரும்போதும் உண்டாகும் நிலைமின் பொறி, காப்புறை சரியில்லாத கேபிளைத் தொந்தரவு செய்யும். தடித்த உறையுள்ள கேபிள் மாற்றினால் நிற்கும்.

அறிகுறி: மதர்போர்டில் செருகிய மானிட்டர் மட்டும் தெரியவில்லை

தனி கிராபிக்ஸ் கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்தப் பட வாயிலை அணைத்துவிடும். பயாஸில் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்பதை இயக்குங்கள். இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸே இல்லை, அந்த வாயில் அலங்காரத்துக்குத்தான்.

அறிகுறி: தூங்கி எழுந்தால் ஜன்னல்கள் எல்லாம் ஒரே மானிட்டரில் குவிகின்றன

டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர் ஆழ்ந்து தூங்கும்போது, அது பிடுங்கப்பட்டதாகவே கணினி நினைத்துக்கொள்கிறது. மானிட்டர் மெனுவில் 'டீப் ஸ்லீப்' போன்ற அமைப்பு இருந்தால் அணையுங்கள். விண்டோஸ் 11இல் டிஸ்ப்ளே பக்கத்தின் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வு உண்டு, அதை இயக்குங்கள். எழுந்தபின் ஒரு மானிட்டர் வரவே இல்லை என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

அறிகுறி: கணினியை அணைத்தபின்னும் உள்ளே விளக்கு எரிகிறது, அல்லது மானிட்டரைப் பிடுங்கினால்தான் கணினி ஏறுகிறது

இது ஒன்றில் மட்டும் கேபிளே முழுக் குற்றவாளி. டிஸ்ப்ளேபோர்ட்டின் 20ஆவது ஊசி 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது, மாற்றி போன்ற கருவிகளுக்காக வைத்தது. சாதாரண கேபிளில் அந்த ஊசி இரு முனைக்கும் இணைக்கப்படக் கூடாது என்பது விதி. தரமற்ற கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். அப்போது மானிட்டரின் மின்சாரம் பின்வழியாகக் கிராபிக்ஸ் கார்டுக்குள் ஏறுகிறது. மல்டிமீட்டர் இருந்தால் இரு முனையிலும் 20ஆவது ஊசிகளுக்கிடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இருந்தால் அந்தக் கேபிளை வெட்டிக் குப்பையில் போடுங்கள். மேசை இழுப்பறையில் போட்டு வைத்தால், என்றோ ஒருநாள் அவசரத்தில் வேறொரு கணினியில் அதே கேபிள் ஏறும்.